செட்டு வந்துருச்சா?

பங்குனியும் சித்திரையும் பிறந்துவிட்டால் விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டி வட்டாரத்தில் ஊருக்கு ஊர் பொங்கல் சாட்டுவார்கள்; அதாவது, கோயில் திருவிழாவை அறிவிப்பார்கள். அந்த நாட்களில் விழாக் கமிட்டிக்காரரின் செல்போன் ஓயாது. வருகிற அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான்: "என்னண்ணே, செட்டு வந்துருச்சா?"

கேட்பவர் யார் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பூசாரி கேட்டால் மைக் செட். இளவட்டங்கள் கேட்டால் கரகாட்ட செட். சமையல்காரர் கேட்டால் வாடகைப் பாத்திர செட். திருப்பூரிலிருந்து லீவு போட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் பையன் கேட்டால், தன்னோடு பத்தாம் வகுப்பு படித்த கூட்டாளிகள் ஊர் வந்து சேர்ந்துவிட்டார்களா என்று பொருள். கேள்வியில் ஒரு எழுத்தும் மாறுவதில்லை. கமிட்டிக்காரர் ஒரு தடவைகூடத் தடுமாறுவதில்லை.

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள இந்தச் சொல், சொந்த ஊரில் அகராதிக்காரர்களைப் படாதபாடு படுத்தியது. 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இதற்குத்தான். வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள். அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள். ஒரு நாவலே எழுதிவிடலாம். பிறகு மூன்றாம் பதிப்புக்கான வேலை நடந்தபோது முதலிடம் கைமாறியது. 'ரன்' என்ற சொல்லுக்கு 645 பொருள் தேறியதாக 2011-இல் செய்தி வந்தது. அந்த ஒரு சொல்லை எழுதி முடிக்கப் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் ஆனதாம். ஒரு சொல்லுக்குப் பிள்ளை பெறுகிற காலம்!

இத்தனை பொருள் எங்கிருந்து வந்தது? இதற்கு இலக்கண வகுப்பு ஒன்று போதும். தமிழில் 'அமர்' தன்வினை, 'அமர்த்து' பிறவினை. தானே உட்கார்ந்தால் அமர்ந்தான்; இன்னொருவரை உட்கார வைத்தால் அமர்த்தினான். பழைய ஆங்கிலத்திலும் இதே கணக்குதான். 'சிட்' என்றால் அமர். 'செட்' என்றால் அமர்த்து. எதை எங்கே அமர்த்தினாலும் செட் தான். விளக்கை மேசையில் அமர்த்தினாலும், கல்லை மோதிரத்தில் அமர்த்தினாலும், எலும்பை அதன் இடத்தில் அமர்த்தினாலும் ஒரே சொல். கிளை விரியாமல் என்ன செய்யும்?

கதை அதோடு முடியவில்லை. 'கூட்டம்', 'தொகுதி' என்ற பொருளில் வருகிற செட் வேறு வீட்டுப் பிள்ளை. அது லத்தீனில் 'செக்தா'வாக இருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவர் பின்னால் போகிறவர்களின் கூட்டம், சமயப் பிரிவு என்பதெல்லாம் அதன் பழைய பொருள். உருவம் ஒன்றாக இருந்ததால் இரண்டும் ஆங்கிலத்துக்குள் ஒட்டிக்கொண்டன. காரியாபட்டிக்கு வந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது வீட்டுப் பிள்ளைதான்.

முதல் வீட்டு வினைச்சொல் ஏன் அவ்வளவாக வரவில்லை? தமிழுக்கு அது தேவைப்படவில்லை. ஆங்கிலேயர் இந்த ஒரே வினையை வைத்துச் செய்கிற வேலைகளை ஒரு கரிசல் காட்டு வீட்டில் எந்தெந்தச் சொற்கள் செய்கின்றன என்று பார்த்தால் தெரியும். அலாரம் வைக்கிறோம். இலை போடுகிறோம். எலிக்குப் பொறி வைக்கிறோம். நாற்று நடுகிறோம். தோட்டில் கல் பதிக்கிறோம். பாட்டுக்கு மெட்டுப் போடுகிறோம். முறிந்த கைக்குக் கட்டுப் போடுகிறோம். கேள்வித்தாள் எடுக்கிறோம். நாள் குறிக்கிறோம். பயணம் புறப்படுகிறோம். பருத்திச் செடி காய் பிடிக்கிறது. கோழியை அடை வைக்கிறோம். பொழுது சாய்கிறது; பேச்சு வழக்கில் "பொழுது அடைஞ்சிருச்சு". அத்தனைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் உண்டு. தமிழில் வேலைக்கு ஒரு சொல். சூரியன் மறைவதையும் கோழி அடைகாப்பதையும் ஒரே வாயால் சொல்கிற சொல்லை மொழிபெயர்க்க உட்காருபவர் பாடு பெரும்பாடு. அகராதியில் முதல் பொருளைப் பார்த்து எழுதிவிட்டால் சூரியனை உட்கார வைத்துவிடுவார்.

ஆகவே அந்த 430-இல் பெரும்பகுதி இங்கே விலைபோகவில்லை. கடல் கடந்து வந்து நிலைத்தவை சில பொருள்கள்தான். அவற்றை இந்த மண் எப்படி வளர்த்தது என்பதில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது.

முதலில் பம்புசெட். மானாவாரிக் கரிசலில், மழையை நம்பிப் பருத்தியும் சோளமும் கம்பும் போட்ட ஊர்களில், கிணறு வைத்திருந்தவர் கமலை கட்டி இறைத்தார். இரண்டு மாடு, ஒரு கூனை, வடம், பின்னாலேயே நடக்க ஒரு ஆள். பிறகு ஆயில் இன்ஜின் வந்தது. 1932-இல் பைக்காராவிலும், 1944-இல் பாபநாசத்திலும் நீர்மின் நிலையங்கள் ஓடத் தொடங்கியபின் மின்சாரக் கம்பி மெல்ல மெல்ல ஊர்ப்பக்கம் வந்தது. கோயம்புத்தூரில் மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகள் பெருகின. தனியாக மோட்டார் வாங்கினால் சுற்றும், தண்ணீர் வராது. தனியாகப் பம்பு வாங்கினால் கிணற்றடியில் கிடக்கும். இரண்டையும் ஒரே இரும்புச் சட்டத்தில் வைத்து, நடுவே இணைத்துப் பூட்டினால்தான் தண்ணீர். இப்படிச் சேர்ந்து வந்ததால் அது 'செட்'. விவசாயி ஆங்கில இலக்கணம் படிக்கவில்லை. ஆனால் ஒன்றில்லாமல் ஒன்று ஓடாது என்பது அவருக்குக் கிணற்றடியிலேயே விளங்கிவிட்டது.

1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் என்று தமிழக அரசு அறிவித்தபோது, இந்தச் சொல் அரசாணைக்குள்ளும் தேர்தல் மேடைக்குள்ளும் ஏறிவிட்டது. எண்பதுகளின் சினிமாவில் கிராமம் என்றால் ஒரு பம்புசெட் குளியல் கட்டாயம். இன்றைக்குப் பல தோட்டங்களில் மோட்டார் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. வெளியே பார்த்தால் ஒரு குழாயும் ஒரு சுவிட்சுப் பெட்டியும்தான். ஆனாலும் "பம்புசெட்டுக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்பதுதான் பேச்சு. எந்திரத்தின் பெயர் இடத்தின் பெயராகிவிட்டது.

இடத்தின் பெயராக ஆனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மோட்டாரை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காக்க ஒரு சின்னக் கொட்டகை போடுவார்கள். ஆங்கிலத்தில் அது 'ஷெட்'. வட மொழி ஒலியான 'ஷ' கிராமத்து நாக்கில் 'ச' ஆகிவிடும். வல்லின மெய்யில் சொல்லை நிறுத்துவது தமிழுக்குப் பழக்கமில்லை. கடைசியில் ஒரு குற்றியலுகரம் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வேலையும் முடிந்தபின் 'ஷெட்'டும் 'செட்டு', 'செட்'டும் 'செட்டு'. மோட்டார் செட்டு என்று ஒருவர் சொன்னால் அவர் எந்திரத்தைச் சொல்கிறாரா, அது இருக்கும் கொட்டகையைச் சொல்கிறாரா என்பது அவருக்கே தெரியாமல் போகலாம். தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

தேவைப்படுகிற இடமும் இந்த மாவட்டத்திலேயே உண்டு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கச் செய்திகளை நாளிதழில் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி மனப்பாடமாகியிருக்கும்: தகர செட் அமைத்து அனுமதியின்றிப் பட்டாசு தயாரித்தவர் கைது. இங்கே செட் என்பது கொட்டகை. உரிமம் பெற்ற ஆலையில் அறைக்கும் அறைக்கும் இடையே இடைவெளி விட வேண்டும். ஒரு அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கெல்லாம் வெடிபொருள் விதிகளில் அளவு உண்டு. ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. வீட்டுக்குப் பின்னால் நாலு தகரத்தை நிறுத்தி எழுப்பிய செட்டில் அந்த அளவு எதுவும் கிடையாது. பத்திரிகைகள் இதை 'ஷெட்' என்று எழுதாமல் 'செட்' என்றே அச்சிடுவது, ஊர்ப் பேச்சு அச்சுக்கு ஏறியதற்கு நல்ல சாட்சி.

மறுபடி பொங்கல் சாட்டிய ஊருக்கு வருவோம். மைக் செட் என்பதைத் தென் மாவட்டங்களில் ரேடியோ செட்டு என்றும் சொல்வார்கள். ஆம்ப்ளிஃபயர், மைக், இசைத்தட்டுப் பெட்டி, மரத்தின் உச்சியில் கட்ட இரண்டு குழாய், ஒரு கட்டு ஒயர், டியூப் லைட்டுகள். இத்தனையும் மாட்டு வண்டியில் வந்து இறங்கிய காலம் உண்டு; இப்போது மினி வேனில் வருகிறது. குழாயைக் கட்டியதும் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் ஒரு பிள்ளையார் பாட்டு. பக்கத்து ஊருக்கு அழைப்பிதழ் அதுதான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்குக் கொடுக்கலாம். விதி வந்தபின் குழாய்கள் குறைந்து பெட்டி ஸ்பீக்கர்கள் அடுக்கடுக்காக ஏறின. பொருள்கள் எல்லாமே மாறிவிட்டன. 'செட்டு' மட்டும் மாறவில்லை.

ரேடியோவை ஏன் செட் என்றார்கள் என்பதும் இதே கதைதான். தொடக்க கால வானொலியில் அலை வாங்கும் பெட்டி தனி, பாட்டரி தனி, ஒலிக்கும் குழாய் தனி. எல்லாம் சேர்ந்து ஒரு செட். பிறகு எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கியும் பெயர் நின்றுவிட்டது. டிவியும் அதே பெயரைப் பரம்பரைச் சொத்தாக வாங்கிக்கொண்டது. அந்த செட்டின் தலையில் உட்கார்ந்த பெட்டி செட் டாப் பாக்ஸ். இன்றைக்கு டிவி சுவரில் ஒட்டிய பலகையாகிவிட்டது. தலையில் எதையும் வைக்க முடியாது. பெட்டி கீழே ஒரு ஓரத்தில் தொங்குகிறது. பெயரில் இன்னும் உச்சியில்தான் இருக்கிறது.

மனிதர்கள் சேர்ந்தாலும் செட்டுதான். இதைத் தென் தமிழகம் நன்றாகவே வளர்த்திருக்கிறது. கரகாட்ட செட் என்றால் கரகம் வைத்து ஆடும் பெண்கள் மட்டுமல்ல. நாதஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு சேர்ந்த நையாண்டி மேளமும், ஆட்டத்துக்கு நடுவே சிரிக்க வைக்கும் கோமாளியும், ராஜா ராணி வேஷமும் சேர்ந்தால்தான் முழுச் செட்டு. 1989-இல் கங்கை அமரன் இயக்கிய 'கரகாட்டக்காரன்' படம் ஓடியதில் அந்தக் கூட்டத்தின் வாழ்க்கை சென்னைவாசிகளுக்கும் தெரிந்தது. செட்டுக்குப் பொறுப்பானவர் முன்பணம் வாங்குகிறார், ஆள் சேர்க்கிறார், வண்டி பிடிக்கிறார். ஆட்டக்காரியின் பெயரை நோட்டீஸில் பெரிதாகப் போட்டாலும், ஊர்க்காரர்கள் விலை பேசுவது செட்டுக்குத்தான்.

நாடகத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதி வைத்த நாடகங்களை இன்றும் கோயில் திடல்களில் விடிய விடிய நடத்துகிற ஸ்பெஷல் நாடக மரபில், ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியக்காரர் ஒரு ஊர். நிலையான கம்பெனி கிடையாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசிக் கூட்டி வருகிறார்கள். ஒத்திகையும் கிடையாது. முதல் நாள் வரை ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள்கூட மேடையில் வள்ளியும் முருகனுமாக வாதிடுவார்கள். ஒரே ஒரு இரவுக்காகச் சேர்ந்து, விடிந்ததும் கலைகிற செட்.

மேடைக்குப் பின்னால் தொங்கும் சீலைக்கும் அதே பேர் உண்டு. அரண்மனை, காடு, தர்பார் என்று வரைந்த அந்தத் திரைகள்தான் பிறகு சினிமாவுக்குப் போய்ப் பிரம்மாண்டம் ஆயின. எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' (1948) முரசு நடனம் முழுக்க செட்டின் பெருமை. 1977-இல் பாரதிராஜா '16 வயதினிலே' படத்துக்காகக் கேமராவை வெளியே தூக்கிக்கொண்டு போனபோது, செட்டை விட்டு வெளியேறியதே பெரிய செய்தி. பத்து வருடம் கழித்து 'நாயகன்' படத்துக்குத் தோட்டா தரணி பம்பாய்த் தாராவியைச் சென்னையில் செட்டாகப் போட்டார். தேசிய விருது கிடைத்தது. தாராவித் தமிழர்களே அசந்துபோகும் அளவுக்கு நிஜம் மாதிரி இருந்தது பொய்.

அந்தப் பொய்தான் 'செட்டப்'. ஆங்கிலத்தில் ஏற்பாடு என்பது போன்ற சாதுவான பொருளும் இதற்கு உண்டு. தமிழில் 'செட்டப்' என்றாலே சந்தேகம். "எல்லாம் செட்டப்புண்ணே" என்றால் நாடகம், போலி. ஒருவருக்கு 'செட்டப்' இருக்கிறது என்றால் அது வீட்டுக்குத் தெரியாத இன்னொரு வீடு. இதற்கு மேல் விளக்கினால் குடும்பப் பத்திரிகைக்கு ஆகாது.

சேர்ந்து படித்தவர்கள், சேர்ந்து வளர்ந்தவர்கள் என்ற பொருளில் செட்டு வருவதையும் சொல்ல வேண்டும். "அவரு எங்க செட்டு" என்றால் ஏறக்குறைய ஒரே வயது. பெயர் சொல்லிக் கூப்பிடலாம், வா போ என்று பேசலாம். அண்ணன் செட்டு வேறு, அவர்களிடம் மரியாதை. தம்பி செட்டு வேறு, அவர்களை விரட்டலாம். ஆங்கிலத்தில் செட் என்றால் அந்தஸ்தை ஒட்டிய கூட்டம் என்ற வாடை அடிக்கும். இங்கே அது வயதை ஒட்டிய கூட்டம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எந்த வருடம் பத்தாவது எழுதினார்கள் என்பதுதான் உறுப்பினர் அட்டை. தாய்மார்களுக்கு மட்டும் இந்தச் சொல் பிடிப்பதில்லை. "செட்டு சேர்ந்துக்கிட்டுத் திரியாதே" என்பதில் அவர்கள் கண்ட அனுபவம் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. ஆங்கிலேயர் கப்பல் ஏறுவதற்கு முன்பே தமிழில் ஒரு 'செட்டு' இருந்தது. வணிகம், சிக்கனம் என்று அதற்குப் பொருள். 'கட்டுச்செட்டு' என்ற இணையில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. கடன் வாங்காமல், வரவுக்குள் செலவை அடக்கி வீட்டை நடத்துகிற பெண்ணைக் "கட்டுச்செட்டா குடும்பம் நடத்துறா" என்று பாட்டிமார் மெச்சுவார்கள். விருதுநகர் அண்ணாச்சிமார் கடை நடத்திய விதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. பழைய செட்டு பணத்தை வீட்டில் சேர்த்தது. புதிய செட்டு பையன்களைத் தெருமுனையில் சேர்க்கிறது. உருவ ஒற்றுமை தவிர இரண்டுக்கும் உறவு இல்லை. ஆனாலும் செட்டு என்று உச்சரிக்க நாக்குக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்ததால், வந்த சொல் அந்நியமாகத் தெரியவில்லை போலும்.

காரியாபட்டியிலிருந்து விருதுநகர் வழியாகச் சிவகாசிக்குப் போனால் சொல் இன்னொரு வேஷம் போடுகிறது. 1922-இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, 1923-இல் சிவகாசியில் ஆலை தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பின்னாளில் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். அந்த லேபிளுக்காக வந்த அச்சுத் தொழில் ஊரை நிரப்பியது. காலண்டர், டைரி, பாடப்புத்தகம் என்று விரிந்தது. தெருவுக்குத் தெரு பெயர்ப் பலகையில் ஒரு சொல் கண்ணில் படும்: ஆஃப்செட்.

இந்த ஆஃப்செட்டுக்குள் இருக்கும் செட்டின் கதை ஒரு தவறிலிருந்து தொடங்குகிறது. அச்சடித்த தாளின் ஈர மை, மேலே விழும் அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். இது அச்சகத்தாருக்குத் தலைவலி. இதற்கு ஆங்கில அச்சுத் தொழிலில் 'செட் ஆஃப்' என்று பெயர். 1904 வாக்கில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஐரா ரூபெல் என்ற அச்சகக்காரர் வேறொரு விஷயத்தைக் கவனித்தார். எந்திரத்தில் தாள் போகத் தவறும்போது, தாளைத் தாங்க வேண்டிய ரப்பர் உருளையில் படம் பதிந்துவிடுகிறது. அடுத்த தாள் வரும்போது அந்த ரப்பரிலிருந்து படம் தாளின் பின்புறத்தில் ஏறுகிறது. கெட்டுப்போன அந்தப் பின்பக்கம், நேராக அச்சான முன்பக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது! தகட்டிலிருந்து ரப்பருக்கு, ரப்பரிலிருந்து தாளுக்கு என்று வேண்டுமென்றே இரண்டு தடவை தாவ வைக்கிற எந்திரம் அப்படித்தான் வந்தது. தகரத்தில் அச்சடிக்க இதற்கு முன்பே இங்கிலாந்தில் இந்த முறை உண்டு. தாளுக்குக் கொண்டுவந்தது இந்தத் தவறு. சிவகாசிக் காலண்டரில் சிரிக்கிற மகாலட்சுமியின் பட்டுச் சேலை அவ்வளவு பளிச்சென்று இருப்பதற்கு எங்கோ ஒருவர் தாள் போடத் தவறியதும் காரணம்.

அங்கேயும் நம்ம ஊர்ச் செட்டு நுழைந்துவிடுகிறது. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு வண்ணத்துக்கு நான்கு தகடு. நான்கும் சேர்ந்தது ஒரு செட் பிளேட். ஒன்று குறைந்தால் மகாலட்சுமிக்கு முகம் பச்சையாகிவிடும்.

விருதுநகர் மாவட்டத்துக்கு இன்னொரு செட்டும் உண்டு, அது சிமென்ட்டில். அறுபதுகளின் தொடக்கத்திலேயே ராமசாமி ராஜா நகரில் சிமென்ட் ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. கொத்தனார் பேச்சில் கலவை 'செட்டாகும்'. தண்ணீர் பட்டதும் சிமென்ட் கெட்டிப்படத் தொடங்குவதற்கு இந்தியத் தர அளவுப்படி குறைந்தது 30 நிமிடம் ஆக வேண்டும்; 600 நிமிடத்துக்குள் முழுதும் இறுகிவிட வேண்டும். முப்பது நிமிடத்துக்குள் இறுகினால் சட்டியிலேயே கல்லாகிவிடும். பத்து மணி நேரம் தாண்டினால் வேலை நடக்காது. "செட்டாகட்டும், மிதிக்காதே" என்று கொத்தனார் குழந்தைகளை விரட்டுவது இந்த இடைவெளியில்தான். இது முதல் வீட்டுப் பிள்ளை, அமர்வது என்ற பொருளின் நேர் வாரிசு. ஆங்கில வினை இங்கே 'ஆகும்' என்ற தமிழ் வினையின் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறது.

அந்தத் தோள் முக்கியமானது. ஆங்கிலத்தில் ஒன்று தானாக இறுகினாலும் செட், ஒருவர் ஒன்றை வைத்தாலும் செட். தமிழ் இரண்டையும் பிரிக்காமல் விடாது. தானாக நடந்தால் 'செட் ஆகு', செய்தால் 'செட் பண்ணு', கூடினால் 'செட் சேர்'. பெயர்ச்சொல்லாக வாங்கிய சரக்குக்கு உள்ளூர் வினையைப் பூட்டியதும், அது ஆங்கிலேயர் காணாத திசையில் ஓடத் தொடங்கியது.

"இந்த வேலை எனக்கு செட்டாகலை மாப்ள." "அந்தச் சட்டை உனக்கு செட்டாகும்." "ஜாதகம் பொருந்திச்சு, மத்தது ஒண்ணும் செட்டாகலை." இருபது வருடத்துக்குள் இளைஞர் பேச்சை முழுசாகப் பிடித்துக்கொண்ட இந்தப் பொருள், இதே உருவில் ஆங்கிலத்தில் கிடையாது. ஆங்கிலம் படித்த ஒருவர் லண்டனில் போய் இந்த வாக்கியத்தை அப்படியே பெயர்த்துச் சொன்னால் எதிரே இருப்பவர் விழிப்பார். இது எங்கிருந்து வந்தது? பம்பும் மோட்டாரும் சேர்ந்து ஓடினால் செட். தவிலும் நாயனமும் கூடினால் செட். ஒத்த வயதுக்காரர்கள் சேர்ந்தால் செட். அப்படியானால் ஒருவர் ஒரு வேலையோடோ, ஒரு சட்டை ஒரு உடம்போடோ, ஒரு பெண் ஒரு பையனோடோ சேர்ந்து ஒன்றாக ஓட முடிந்தால் அது 'செட் ஆகிவிட்டது'. தமிழன் வினையை இரவல் வாங்கவில்லை. தன்னிடம் இருந்த பெயர்ச்சொல்லிலிருந்து வினை செய்துகொண்டான் என்றுதான் படுகிறது. 'பொருந்து', 'ஒத்துவா' என்ற நல்ல சொற்கள் இதனால் மூலைக்குப் போகின்றன என்று தமிழாசிரியர்கள் வருத்தப்படுவதிலும் நியாயம் உண்டு.

எண்ணிக்கையில் மட்டும் செட்டை நம்பக் கூடாது. பெங்களூர் ஓட்டலில் செட் தோசை கேட்டால் மெத்தென்று மூன்று வரும். தமிழ்நாட்டில் பல இடங்களில் இரண்டு. மதுரை, விருதுநகர்ப் பக்கப் பரோட்டாக் கடைகளில் 'ஒரு செட்' என்றால் பெரும்பாலும் இரண்டு பரோட்டா. விருதுநகரில் அது எண்ணெயில் மிதந்து பொரிந்து வரும். சீட்டு விளையாடுகிறவருக்குச் செட் என்றால் ஒரே எண்ணில் குறைந்தது மூன்று சீட்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடம் நாலு செட் சீருடை. அதில் ஒரு செட் என்பது மேலே ஒன்று, கீழே ஒன்று. கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் படித்தவர்கள் 'செட் எழுதியிருக்கேன்' என்றால் அது மாநிலத் தகுதித் தேர்வின் சுருக்கம். இந்தக் குடும்பத்துக்கு அதில் பங்கே கிடையாது.

இதையெல்லாம் தெருவில் கேட்டு வளர்ந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறது. தமிழ் வழிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடம் 'கண மொழி'. ஆங்கில வழியில் செட் என்று படிப்பதைத் தமிழ் வழியில் 'கணம்' என்று படிக்கிறார்கள். பூதகணம், சிவகணம் என்று கோயிலில் கேட்ட அதே கணம்தான். கூட்டம் என்ற பொருள் அதில் முன்பே இருந்ததால் மொழிபெயர்த்தவர்கள் நல்ல சொல்லைத்தான் பிடித்திருக்கிறார்கள். ஆனால் கணக்கின் கணத்துக்கும் காரியாபட்டிச் செட்டுக்கும் ஓர் இடத்தில் ஒத்துவராது. கணக்கில் ஓர் உறுப்பை எடுத்துவிட்டால் மிச்சமும் ஒரு கணம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும் அது கணம்தான். வெற்றுக் கணம் என்று அதற்குப் பெயர்கூட இருக்கிறது.

ஊர்க் கணக்கு அப்படியில்லை. திடலில் டியூப் லைட் எரிகிறது. கரகக்காரர்கள் வேனிலிருந்து இறங்கி முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துச் சரிபார்க்கிறார். பம்பைக்காரர் டீ குடிக்கிறார். கமிட்டிக்காரரின் செல்போன் மறுபடி அடிக்கிறது.

"இல்லண்ணே, எல்லாரும் இருக்காக. தவில்காரர் மட்டும் அருப்புக்கோட்டை பஸ்ல வந்துக்கிட்டிருக்காரு. செட்டு இன்னும் வரலை."